வீட்டுத்தோட்ட வட்டத்தில் கருத்து வேறுபாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் வீட்டுத்தோட்டம் செய்வதில் விருப்பமுள்ள சிலர் மாதம் ஒருமுறை யாராவது ஒருவருடைய வளவில் கூடி, விதையும் கன்றும் மாற்றிக்கொண்டு, தோட்டத்தில் கண்டதையும் பட்டதையும் பேசிக்கொள்கிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்தும் மன்னாரின் பெருநிலப் பகுதியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று பெரும்பாலானோருக்குத் தோட்டம் ஒரு பொழுதுபோக்கு. சிலருக்கு மட்டுமே அது சீவனோபாயம். புதிதாக வருபவர்கள் முதற் கூட்டத்திலேயே இரண்டு பேர் ஒரு மிளகாய்க் கன்றை நடுவில் வைத்துக்கொண்டு தர்க்கப்படுவதைக் காணக்கூடும். அதைப் பார்த்துவிட்டு மறுமுறை வராமல் விட்டவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட கேள்விகளும், இருந்து பழகியவர்கள் இன்றும் கேட்கிற கேள்விகளும் விடைகளோடு கீழே உள்ளன.

பொழுதுபோக்காகச் செய்கிற தோட்டத்தில் தர்க்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது, ஏனென்றால் இங்கே கூடுகிற எவரும் ஒரே நிலத்தில் தோட்டம் பழகியவர்கள் அல்லர். 1930களில் இரணைமடுக் குளத்தின் கீழ்த் தொடங்கிய குடியேற்றங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள், கிணற்று நீரை அளந்து பாய்ச்சும் செம்மண் தோட்டப் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்தன. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், மழை ஓயாத சரிவு நிலத்து மரக்கறிச் செய்கையை அறிந்தவர்கள். பழைய வன்னிக் கிராமத்தவர்களோ குளத்தையும் வயலையும் சேனையையும் வைத்துக் கணக்குப் பார்ப்பவர்கள். இவர்கள் மூவரும் ஒரு கத்தரிப் பாத்தியைப் பார்த்து மூன்று விதமாகச் சொன்னால் அதில் வியப்பில்லை.

நிலமும் ஒன்றாக இல்லை. வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்தில் பெரும்பாலும் செங்கபில மண். முருங்கன் பக்கத்தில் மழைக்குப் பசையாக ஒட்டிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கறுப்புக் களிமண். பூநகரிக் கரையோரத்தில் மணலும் உவர் நீரும். ஒருவர் தன் மண்ணில் கண்டு சொல்வதை இன்னொருவர் தன் மண்ணை வைத்துக்கொண்டு மறுக்கிறார். எங்கள் கூட்டங்களில் நடக்கும் தர்க்கங்களுள் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் கணிப்பு.

ஒருவர் சொல்வது பிழை என்று எனக்குத் தெரிகிறது. உடனே சொல்லக் கூடாதா?

சொல்லலாம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு: எந்த மண், எந்தத் தண்ணீர், எந்தப் போகம், எத்தனை நாட் பயிர். இவை தெரியாமல் சொல்லப்படும் மறுப்பு, பெரும்பாலும் கேட்காத கேள்விக்குச் சொன்ன விடையாகவே முடியும்.

மிளகாயில் இலை சுருளுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தில் ஒருவர் சுருண்ட கொப்பொன்றை முறித்துக் கொண்டுவந்தார். வேப்பம் விதைக் கரைசல் அடித்தால் சரிவரும் என்றார் ஒருவர். அதெல்லாம் வீண், கந்தகம் அடிக்க வேண்டும் என்றார் மற்றவர். மூன்றாமவர், பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். குரல்கள் உயர்ந்தன. அப்போது வயதான ஓர் அம்மா அந்தக் கொப்பை வாங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஓர் இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கீழ்ப்பக்கமாய் மடிஞ்சிருக்கு, பிள்ளையள். ஆர் ஆருக்கு எப்பிடிச் சுருண்டது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியில் விடயம் முழுவதும் அடங்கியிருந்தது. இலையின் ஓரங்கள் மேல்நோக்கிப் படகுபோல் வளைந்தால் பெரும்பாலும் அது பனிப்பூச்சியின் வேலை. வேப்பங் கரைசல் ஆரம்பத்தில் அதற்குப் பயன்படும். கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டு போனால் சிற்றுண்ணி; சிற்றுண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று என்பதால் வழக்கமான பூச்சிநாசினிகள் பல அதனைத் தொடுவதில்லை, கந்தகம் தொடும். இலை சிறுத்து, நரம்பு தடித்து, கன்றே குறண்டிப்போனால் வெண் ஈ பரப்பிய வைரசாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, நோயுற்ற கன்றை அகற்றத்தான் வேண்டும். ஆக மூவரும் தத்தம் தோட்டத்தில் உண்மையைக் கண்டவர்கள். கொண்டுவந்தவருடைய கொப்பை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் அங்கே நடந்த குறை.

அப்படியென்றால் எல்லோர் சொல்வதும் அவரவர் அளவில் சரி என்று விட்டுவிட வேண்டுமா?

இல்லை. மரியாதை என்ற பேரில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதை நான் மரியாதையாகக் கருதுவதில்லை. ஒருவர் சொல்வதைப் பொருட்படுத்துகிறோம் என்றால் அதைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

மலையகத்தில் உறவினர் உள்ள ஒருவர், மரக்கறிப் பாத்திக்கு, மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்புக் கற்பொடியான டொலமைற் போட வேண்டும் என்று சொன்னார். தேயிலை வளரும் அந்த மண் அமிலத் தன்மை உடையது; அங்கே அது நல்ல ஆலோசனை. சுண்ணக்கற் பாறை அடியில் கிடக்கும் மன்னார், பூநகரிப் பக்கத்தில், கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிற கிணற்று நீரை ஊற்றிக்கொண்டிருக்கும் ஒருவர் அதையே செய்தால், ஏற்கெனவே காரமான மண் இன்னும் காரமாகி, இரும்புச் சத்தைப் பயிர் எடுக்க முடியாமல் இளம் இலைகள் மஞ்சளாகிவிடும். அடுப்புச் சாம்பலை அளவில்லாமல் கொட்டுவதற்கும் இது பொருந்தும். எனவே "அங்கே சரி, இங்கே சரிவராது, காரணம் இது" என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். காரணத்தைச் சொல்லாமல் "உது பிழை" என்று மட்டும் சொல்வதால் எவரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

நிலத்தைப் பற்றிக் கேட்கச் சொல்கிறீர்கள். "எந்த ஊர்?" என்று கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்களே?

சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் அந்தக் கேள்வி மண்ணை அறிவதற்காக மட்டும் கேட்கப்பட்டு வந்ததில்லை. "நீர் எங்கத்தை ஆள்?" என்று கேட்டு, விடையைக் கொண்டு ஒருவரை மேலோ கீழோ வைக்கிற பழக்கம் எங்களிடம் உண்டு; மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் ஊரையே விட்டுப் போய், திரும்பி வந்தும் சொந்தக் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி வேறொரு வலியைத் தரும்.

ஆகவே ஆளைக் கேளாமல் காணியைக் கேளுங்கள். "அக்கா, உங்கட கிணத்துத் தண்ணி உவரோ?", "வளவு மேட்டிலயோ பள்ளத்திலயோ?", "மழைக்குத் தண்ணி நிக்குமோ?" என்ற கேள்விகளுக்கு எவரும் மனம் நோவதில்லை, தேவையான தகவலும் அவற்றிலேயே கிடைத்துவிடுகிறது.

சேதனப் பசளையா, இரசாயனப் பசளையா? இந்தத் தர்க்கம் ஏன் ஓய்வதில்லை?

2021ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் அத்தடையை நீக்கியது. இடையில் காலபோகம், அதாவது மாரிகால நெற்செய்கை, தொடங்கிவிட்டது. யூரியா இல்லாமல் வயல் மஞ்சளாகி நின்றதைக் கண்டவர்களுக்கு அன்றிலிருந்து "சேதனம்" என்ற பேச்சே எரிச்சலூட்டுகிறது. மறுபக்கத்தில், அந்தத் தடைக்கு வெகுகாலம் முன்பிருந்தே மாட்டெருவும் இலைதழையும் கொண்டு தோட்டம் செய்து வந்தவர்கள், தாங்கள் கேளாத ஒரு சட்டத்துக்குப் பொறுப்பாளிகள்போல் பேச்சு வாங்கினார்கள். ஒருவர் தன் விருப்பத்தின்பேரில் தன் வளவில் செய்வதும், நாடு முழுவதற்கும் ஒரே போகத்தில் விதிக்கப்பட்டதும் வெவ்வேறு விடயங்கள் என்பதை இரு சாராரும் ஒப்புக்கொண்டால் பாதிச் சூடு தணிந்துவிடும்.

மீதியைக் கணக்கால் தணிக்கலாம். யூரியாவில் 46 வீதம் நைதரசன் இருக்கிறது. ஒரு வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவைக் கொண்டு ஒரு கிலோ யூரியாவுக்கு ஈடுசெய்ய வேண்டுமென்றால் 46 கிலோ வேண்டும்; அதுவும் முழுவதும் உடனே பயிருக்குக் கிடைத்துவிடாது. நான்கு பாத்தி வைத்திருப்பவருக்கு அது இயலும். மூன்று ஏக்கர் வயல் வைத்திருப்பவருக்கு மலைப்பாக இருக்கும். அதேவேளை, யூரியா மண்ணுக்கு நீரைப் பிடித்துவைக்கும் தன்மையைத் தருவதில்லை. வன்னி வெயிலில் மண்ணின் சேதனப் பொருள் விரைவில் உக்கி அழிந்துபோவதால் எருவை மீண்டும் மீண்டும் சேர்க்கவேண்டியும் இருக்கிறது. வேர் உறிஞ்சும் நைத்திரேற்று மாட்டெருவிலிருந்து வந்ததா மூட்டையிலிருந்து வந்ததா என்பதைப் பயிர் வேறுபடுத்துவதில்லை. இவற்றில் எதையும் எந்தச் சாராரும் மறுக்கத் தேவையில்லை. எங்கள் வட்டத்தில் இரண்டையும் கலந்து செய்பவர்களே அதிகம், ஆனால் கூட்டத்தில் குரல் எழுப்புபவர்கள் அவர்கள் இல்லை.

களைநாசினியால்தான் சிறுநீரக நோய் வருகிறது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். எப்படிப் பதில் சொல்வது?

மெதுவாக. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் பாதித்திருக்கிறது. அப்படிச் சொல்பவருடைய வீட்டில் ஒரு நோயாளி இருக்கக்கூடும். கிளைபோசேற்று என்ற களைநாசினி 2015இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டதும், பின்னர் அத்தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டதும் உண்மை. நோய்க்கான காரணம் இதுதான் என்று அறிவியல் இன்னும் உறுதியாக நிறுவவில்லை என்பதும் உண்மை. குடிநீரின் தன்மை, வெப்பம், நீரிழப்பு, வேளாண் இரசாயனங்கள் எனப் பல காரணிகள் ஆராயப்பட்டு வருகின்றன. ஆய்வாளர்களே ஒத்துப்போகாத ஒன்றைப் பலாமர நிழலில் தேநீர் குடித்துக்கொண்டு நாங்கள் தீர்த்துவிட முடியாது. சந்தேகப்படுபவர் தன் வளவில் அதைப் பாவிக்காமல் இருக்கட்டும். பாவிப்பவரைக் கொலைகாரர் என்று சொல்லாமலும் இருக்கட்டும்.

வளர்பிறை, தேய்பிறை, தீட்டு போன்ற நம்பிக்கைகளை என்ன செய்வது?

இவற்றை ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. வளர்பிறையில் விதைப்பவர் எவருக்கும் இடைஞ்சல் செய்வதில்லை. நாள் பார்த்து விதைப்பதால் ஒழுங்காக விதைக்கவாவது செய்கிறார். நம்பாதவர் வேறு நாளில் விதைக்கலாம். இதற்காக ஒரு கூட்டத்தை வீணாக்க வேண்டியதில்லை.

மாதவிலக்கு நாளில் பெண் தொட்டால் வெற்றிலைக் கொடியோ கறிவேப்பிலையோ பட்டுவிடும் என்ற நம்பிக்கை வேறு வகையானது, ஏனென்றால் அதில் இன்னொருவர் விலக்கப்படுகிறார். தன் வீட்டில் ஒரு பெண் தானாக அதைக் கடைப்பிடித்தால் அது அவருடைய விருப்பம். கூட்டத்துக்கு வந்த பெண்ணிடம் அதைக் கேட்பதற்கோ, குறிப்பாகச் சொல்வதற்கோ எவருக்கும் உரிமையில்லை. கொடி வாடுவது வேரழுகலால். தொட்ட கையால் அன்று. இந்த ஒரு விடயத்தில் "அவரவர் கருத்து" என்ற பேச்சுக்கு நான் இடம் கொடுப்பதில்லை, அதனால் சிலருக்கு என்மேல் வருத்தமும் உண்டு.

எவை கருத்து என்ற கணக்கில் சேரா?

உயிருக்குக் கேடு செய்பவை. குரங்கையும் பன்றியையும் தடுக்க வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிவேலிக்குக் கொடுப்பது சட்டவிரோதம். அதில் சாவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவோ வீட்டுக்காரராகவோ இருக்கலாம். இலங்கையில் மொனோகுரோட்டபொஸ், எண்டோசல்பான் என்ற பூச்சிநாசினிகள் முறையே 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டன. பரகுவாற்று என்ற களைநாசினி 2008 முதல் படிப்படியாக நிறுத்தப்பட்டது. "அந்தக் காலத்து மருந்து நல்லாய்க் கேட்கும், என்னட்டக் கொஞ்சம் கிடக்கு" என்று யாராவது சொன்னால், அதை விருப்பு வெறுப்பாக எண்ணி மௌனமாக இருக்கக் கூடாது. மருந்தடித்து எத்தனை நாளுக்குப் பின் காய் பறிக்கலாம் என்று போத்தலில் அச்சிட்டிருப்பதும் அவ்வாறே. அந்தக் காயைத் தின்னப்போவது அடித்தவர் மட்டுமில்லை.

மூத்தவர் ஒருவர் பிழையாகச் சொன்னால் சபையில் மறுக்கலாமா?

மறுக்கலாம்; மறுக்கிற விதம் ஒன்று உண்டு. "ஐயா, நீங்கள் சொன்ன மாதிரித்தான் நானும் செய்து பார்த்தன். எனக்கு உப்பிடி வரேல்லை. நான் எங்கையோ விட்டிட்டன் போல, ஒருக்கால் வந்து பாப்பீங்களோ?" என்று ஒரு தம்பி கேட்டதை நினைவில் வைத்திருக்கிறேன். ஐயா போய்ப் பார்த்தார். அவருடைய காலத்தில் அந்தக் காணிக்குக் குளத்து வாய்க்கால் ஓடியிருந்தது, இப்போது இல்லை என்பது அங்கேதான் தெரியவந்தது. அடுத்த கூட்டத்தில் தன் சொல்லைத் தானே திருத்திக்கொண்டார்.

இளையவர்களை நோக்கியும் ஒன்று சொல்ல வேண்டும். காணொளி பார்த்து வந்து "அது பழைய முறை" என்று ஒதுக்குவதும், மூத்தவர்கள் "உனக்கு என்ன தெரியும்" என்று வாயடைப்பதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள். பெண்கள் சொல்வதைக் கேளாமல் கடந்து, அதையே ஓர் ஆண் பத்து நிமிடம் கழித்துச் சொன்னவுடன் எல்லோரும் ஆமோதிப்பது இவ்விரண்டிலும் மோசம். அது எங்கள் கூட்டங்களிலும் நடக்கிறது.

விவசாயப் போதனாசிரியர் சொல்லிவிட்டால் தர்க்கம் முடிந்துவிட்டதல்லவா?

பல வேளைகளில் ஆம். நோய் அடையாளம், மருந்தின் அளவு போன்றவற்றில் அவருடைய சொல்லையோ விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்தில் சொல்லப்படுவதையோ எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. ஆனால் எந்தக் கத்தரியை நடுவது, தோட்டத்தில் பூவுக்கு எவ்வளவு இடம் விடுவது என்பவற்றை அவரிடம் தீர்ப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். அவருக்கும் வேலை இருக்கிறது.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்கிறார்களே?

சொல்லட்டும். பனி விழும் ஊரில் நான்கு மாதத்துக்குள் தக்காளி காய்க்க வைப்பவர்களிடம் நாற்று வளர்ப்பைப் பற்றிக் கற்பதற்கு நிச்சயமாக இருக்கிறது. சித்திரை வெயிலில் தக்காளி ஏன் பூவை உதிர்க்கிறது என்பதை அவர்கள் எங்களிடம் கற்கலாம்.

மாம்பழத்தில் கறுத்தக்கொழும்பானா, விலாட்டா?

இதற்கு விடை கிடையாது. கேட்பதை நிறுத்தவும் மாட்டோம்.

அரசியல் பேசலாமா?

பசளை விலையும் குளத்து நீர் பங்கீடும் அரசியல்தான், அவற்றைப் பேசாமல் தோட்டம் பேச முடியாது. கட்சியும் தேர்தலும் படலைக்கு வெளியே நிற்கட்டும்.

பேசித் தீராத தர்க்கத்தை எப்படித் தீர்ப்பது?

நட்டுப் பார்த்து. ஒரே விதை, ஒரே நாளில் நாற்று, ஒரே கிணற்று நீர். ஒரு வரிசைக்கு ஒருவர் சொன்ன முறை, அடுத்த வரிசைக்கு மற்றவர் சொன்ன முறை என்று மாறி மாறி நட வேண்டும். பாத்தியை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் கொடுத்தால், வேலியோர மரத்து நிழல் விழுந்த பக்கம் தோற்றுவிடும்; தோற்றவர் நிழலைச் சாட்டுவார், அதில் நியாயமும் இருக்கும். காயைப் பறிக்கும் ஒவ்வொரு முறையும் நிறுத்து எழுதுங்கள், ஏனென்றால் ஞாபகம் எப்போதும் தன் பக்கத்துக்கே சாட்சி சொல்லும். தர்க்கப்பட்ட இருவரும் சேர்ந்தே நிறுக்க வேண்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ஒரு போகத்தில் கிடைத்ததைக் கொண்டு முடிவுகட்டவும் வேண்டாம். ஐப்பசி மழை பிந்திய ஆண்டில் வென்ற முறை, வெள்ளம் வந்த ஆண்டில் தோற்கலாம்.

மனம் நொந்து ஒருவர் விலகிப் போனால்?

உடனே ஆளனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம், சிலநாள் விடுங்கள். பிறகு, அவரோடு தர்க்கப்பட்டவரே போவது நல்லது. போகும்போது சண்டையைப் பற்றிப் பேசத் தேவையில்லை; அவருடைய தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கக் கேட்டாலே போதும், மறுக்கிற தோட்டக்காரர் ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

விலகிய பின் கொடுத்த விதைகளைத் திருப்பிக் கேட்கலாமா?

கேட்கக் கூடாது, கொடுத்த விதை கொடுத்ததுதான். இரவலாக வாங்கிய பொருட்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பேச்சுவார்த்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மருந்து விசிறும் கருவியாக இருந்தால் நன்றாகக் கழுவிக் கொடுங்கள். அதில் களைநாசினி அடித்திருந்தால் அதை வாய்திறந்து சொல்லிக் கொடுங்கள். நேரில் பேச மனமில்லையென்றால் ஒரு துண்டில் எழுதிக் கட்டிவிடுங்கள்.